ஜூலை இருபத்தைந்தாம் தேதி

ரந்தலா பண்ணை வீட்டுப் படியில் கால் வைத்ததுமே ஃபீனாவின் மூக்கில் காப்பி மணம் ஏறியது. ரை தானியத்தைக் கருக வறுத்துப் பொடித்து, அதற்குக் காப்பி என்று பேர் வைத்து ஊரே தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. இது அசல் கொட்டை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது அவள் இதை முகர்ந்து. ஆசை எழுவதற்கு முன்னால் சந்தேகம் எழுந்தது.

ஃபீனா சந்தேகக்காரி என்று ஊரில் பேச்சு உண்டு. இருக்கட்டும். 1918இல் எங்கள் பக்கத்தில் சந்தேகப்படாமல் நிம்மதியாக இருந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று பண்ணையார்கள். மற்றது மண்ணுக்குள் போனவர்கள்.

ரை அறுப்பு பாதியில் இருந்தது. குனிந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவளைப் பண்ணையாரே வயலுக்கு வந்து, "ஃபீனா, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போம்மா" என்றார். வேலைக்காரியை விட்டுக் கூப்பிடவில்லை. 'ம்மா' வேறு. பதினோரு வருஷமாக அவர் நிலத்தில் குடிசை போட்டு, அவருக்கு வாரத்தில் மூன்று நாள் உழைத்துக் கொடுக்கும் குடும்பம் அவளுடையது. ஒரு தடவை கூட அவர் வாயிலிருந்து அந்த 'ம்மா' உதிர்ந்ததில்லை.

இது மட்டுமா? போன சனிக்கிழமை கடைக்காரர் ஹிஸ்கியாஸ் அவள் கேட்காமலே ஒரு பொட்டலம் உப்பை எடுத்து நீட்டினார். உப்புக்கு ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்! ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் உபதேசியார் ஹெலினியுஸ் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. அதற்கு முந்தின வாரத்திலிருந்து பக்கத்துக் குடிசைத் தெக்லா இவளைக் கண்டால் கிணற்றடியிலிருந்து வாளியைப் பாதி நிரப்பிக்கொண்டு ஓடுகிறாள். கூடப் பிறந்தவளாட்டம் பழகினவள். இத்தனை பேரும் ஒரே மாதத்தில் மாறினால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஹிஸ்கியாஸ், உபதேசியார், பண்ணையார் கூஸ்தா ரந்தலா. இந்த மூவர்தான் ஊர்க்காவல் குழு. இந்த மூவரில் ஒருவன் தன் புருஷனைக் கொன்றான் என்று ஃபீனா நம்பினாள். எவன் என்பதுதான் தெரியவில்லை.

நெஸ்டோரியை யாரும் சுட்டுவிடவில்லை. அந்த வருஷத்து உள்நாட்டுச் சண்டையில் ஏழைகள் பக்கத்துச் சிவப்புப் படைக்கு வண்டி ஓட்டினான், ஏப்ரலில் சிவப்பு தோற்றதும் பிடித்துக்கொண்டுபோய்க் கடலோரத்துச் சிறை முகாமில் ஆயிரக்கணக்கானவர்களோடு அடைத்தார்கள். அங்கே உப்பு மீனும், தண்ணீர் மாதிரி ஒரு கஞ்சியும். ஆள் வெளியே வர வேண்டுமென்றால் சொந்த ஊரின் குழு ஒரு சான்று எழுதி அனுப்ப வேண்டும். ஆள் எப்படிப்பட்டவன், கொலை கொள்ளையில் கை உண்டா இல்லையா என்று. சான்று போனால் கதவு திறக்கும். போகாத வரைக்கும் உப்பு மீன்தான்.

யோவான் திருநாளுக்கு மறுநாள், ஜூன் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, ஃபீனா உபதேசியார் வீட்டு வாசலில் நின்று சான்று கேட்டாள். எழுதித் தருகிறோம் என்றார்கள். பிறகு ஆகஸ்ட் முதல் வாரம் முகாமிலிருந்து ஒரு உறை வந்தது. நெஸ்டோரி ஜூலை முப்பதாம் தேதி காலமானான், காரணம் உடல் தளர்ச்சி. கூடவே ஊர்க் குழுவின் சான்றும் திரும்பி வந்திருந்தது. 'குடிப்பழக்கம் இல்லாதவன், உழைப்பாளி, கொலை எதிலும் சம்பந்தம் இல்லை, விடுவிக்கலாம்.' தேதி ஜூலை இருபத்தேழு. பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள்: ஆகஸ்ட் இரண்டு அன்று வந்து சேர்ந்தது, ஆள் இல்லை.

செத்து மூன்று நாளான பிறகு போய்ச் சேர்ந்த நற்சான்று. அதை வைத்து என்ன செய்வது? ஃபீனா அதைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். ஜூன் இருபத்தைந்துக்கும் ஜூலை இருபத்தேழுக்கும் நடுவில் ஒரு மாதம் யாருடைய பெட்டியில் அது கிடந்தது? நெஸ்டோரி கூட்டுறவுக் கடை திறக்க ஓடியாடியதில் ஹிஸ்கியாஸுக்குக் கறுவல் இருந்தது. கோயிலுக்கு வராதவன் என்று உபதேசியாருக்கு எரிச்சல். ஆம்பளை போனால் குடிசை நிலம் தன்னிடமே திரும்பும் என்று பண்ணையாருக்கு ஒரு கணக்கு இருக்கலாம். களை பிடுங்கும்போதும் பால் கறக்கும்போதும் மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து விசாரித்துப் பார்த்தாள். மூவருமே பொருந்தினார்கள்.

நேராகப் போய்க் கேட்டிருப்பாள், பயந்தவள் இல்லை. ஆனால் செத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த அவள் தம்பி யால்மரியிடமிருந்து, அதே உறை வந்த மறுநாளே ஒரு அட்டை வந்தது. அதே முகாம். 'உயிரோடிருக்கிறேன், சான்று வாங்கி அனுப்பு.' ஆகஸ்ட் ஆறாம் தேதி அவனுக்காக உபதேசியாரிடம் கேட்டு வைத்தாள். இன்றைக்கு இருபத்தெட்டு. அந்தச் சான்றையும் இதே மூன்று பேர்தான் எழுத வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா, உள்ள வா" என்றார் பண்ணையார். "அங்க இல்ல, இந்த அறைக்கு."

வரவேற்பறை. பாதிரியார் வந்தால் உட்காரும் இடம். ஃபீனா அதன் தரையைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஹிஸ்கியாஸும் உபதேசியாரும் ஏற்கெனவே இருந்தார்கள். பூப்போட்ட கோப்பைகள் நான்கு.

"எடுத்துக்க, ஆறிடப்போகுது" என்றார் ஹிஸ்கியாஸ். "சர்க்கரை ரெண்டு போட்டுக்க. உனக்கில்லாததா?"

"என்னத்துக்கு இதெல்லாம்?" என்றாள் ஃபீனா.

"என்னத்துக்குன்னா? ஒரு வாய் காப்பி குடிக்கக் காரணம் வேணுமா?"

"வேணும்தான். இத்தன வருசம் இல்லாத காப்பி."

ஹிஸ்கியாஸ் சிரிக்கப் பார்த்தார். உபதேசியார் சிரிக்கவில்லை, கோப்பையின் பூவை எண்ணிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். பிறப்பும் இறப்பும் கோயில் பதிவேட்டில் அவர் கையெழுத்தில்தான் ஏறும்.

பண்ணையார் தொண்டையைச் செருமினார். "தலைநகர்லேருந்து முகாமுக்கு ஒரு கேள்வி வந்திருக்கு. ஏன் இத்தன பேர் செத்தாங்க, யார் பொறுப்புன்னு. முகாம்காரன் என்ன சொல்றான்? எங்க மேல தப்பில்ல, ஊர்க் குழுவெல்லாம் சான்றத் தாமதமா அனுப்பிட்டாங்கன்னு சொல்றான். இப்ப நம்ம தலைல கட்டப் பாக்கறான், புரியுதா?"

"நம்ம தலைலயா, உங்க தலைலயா?"

"சரி, எங்க தலைலதான். நாங்க பதில் அனுப்பணும். அதுக்கு நீ ஒரு வீட்டுக்குறி வைக்கணும். அவ்வளவுதான் விசயம். ஒரு நிமிச வேலை."

அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். ஃபீனாவுக்கு எழுத வராது, படிக்க வரும். பாதிரியார் முன்னால் படித்துக் காட்டாவிட்டால் எங்கள் ஊரில் கல்யாணமே நடக்காது. எழுத்தை யாரும் கேட்பதில்லை. கையெழுத்து வேண்டிய இடத்தில் ரம்பத்திலும் ஏர்க்காலிலும் செதுக்கும் வீட்டுக்குறியைப் போட்டுவிட்டால் போதும். நெஸ்டோரி வீட்டுக்குறி ஒரு முக்கோணமும் அதற்குள் ஒரு கோடும்.

விரலை வைத்துக்கொண்டு மெல்லப் படித்தாள். 'கீழே குறி வைத்துள்ள நாங்கள், எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சான்று வேண்டுமென்று ஊர்க் குழுவிடம் முதன்முதலாகக் கேட்டது ஜூலை இருபத்தைந்தாம் தேதியன்றுதான் என்று உறுதி கூறுகிறோம்.' மறுபடியும் படித்தாள். கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஜூன்" என்றாள்.

"என்னது?"

"ஜூன் இருபத்தஞ்சு. யோவான் திருநாளுக்கு மறுநாள். உபதேசியாரே, உங்க வீட்டு வாசல்ல திருநாளுக்குக் கட்டின இலைக் கொப்பெல்லாம் இன்னும் அவுக்காமக் கெடந்துச்சு. அதத் தாண்டித்தான் நான் உள்ள வந்தேன். உங்க சம்சாரம் மோர் குடுத்தாங்க. ஞாபகம் இல்லையா?"

உபதேசியார் ஜன்னலைப் பார்த்தார்.

"அவருக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, காகிதம் பேசணும்ல" என்றார் ஹிஸ்கியாஸ். "நீங்க இருபத்தஞ்சாம் தேதி கேட்டீங்க, நாங்க இருபத்தேழாம் தேதி எழுதிட்டோம். ரெண்டே நாள். யாரும் எங்களக் குத்தம் சொல்ல முடியாது."

"அப்ப யாரச் சொல்லுவாங்க?"

ஹிஸ்கியாஸ் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"என்னத்தான சொல்லுவாங்க? புருசன் உள்ள கெடந்து பட்டினியில சாவறான், பொண்டாட்டி ஒரு மாசம் தூங்கிட்டுக் கெடந்தான்னுதான எழுதிக்குவாங்க? அவர நான் கொன்னேன்னு நானே குறி போட்டுக் குடுக்கணும். அதுக்குத்தான் காப்பி."

"அப்படி எதுக்கு எடுத்துக்கிற" என்றார் பண்ணையார். "உன்ன யாரும் ஜெயில்ல போட மாட்டான். பொம்பளைங்க தாமதமாக் கேட்டாங்கன்னா ஐயோ பாவம்னு விட்டுருவான். எங்கள விடுவானா?"

"யாரு கையில கெடந்துச்சு அது? அத மட்டும் சொல்லுங்க. அந்த ஒரு மாசம் யாரு வச்சிருந்தீங்க?"

இதைக் கேட்டதும் நடந்ததுதான் வேடிக்கை. ஹிஸ்கியாஸின் கண் உபதேசியார் பக்கம் போயிற்று. உபதேசியாரின் கண் பண்ணையார் பக்கம் போயிற்று. "எழுதறது அவர் வேலை" என்றார் ஹிஸ்கியாஸ். "குழு கூடினாத்தான் நான் எழுத முடியும், கூட்டறது தலைவர் வேலை" என்றார் உபதேசியார், முதல் தடவையாக வாய் திறந்து. "உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?" என்றார் பண்ணையார். மூன்று பேரும் ஒரு மாதமாக ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஃபீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் மட்டும் சந்தேகக்காரி என்று நினைத்திருந்தாள்.

"சொல்லிடறேன்" என்றார் பண்ணையார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "ஒளிக்க என்ன இருக்கு? யாரும் அத ஒளிச்சு வைக்கல. எவனுக்கும் நெஸ்டோரி மேல கறுவல் இல்ல. குழு கூடல, அவ்வளவுதான். திருநாள் முடிஞ்சதும் ஹிஸ்கியாஸ் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டார். அவர் வந்தப்போ புல்லறுப்பு ஆரம்பிச்சிருச்சு. புல்லறுப்புல எவன் கூட்டம் போடுவான்? எங்க அப்பன் காலத்துலேருந்து புல்லு கொட்டாய்க்குள்ள ஏறாம எந்தக் கூட்டமும் நடந்ததில்ல. இருபத்தாறாம் தேதி கடைசி வண்டி உள்ள போச்சு. இருபத்தேழு காலைல உக்காந்து, ஒம்பது பேருக்கும் ஒரே மூச்சுல எழுதினோம்."

ஃபீனா அவரையே பார்த்தாள். பகை, வஞ்சம், பழைய கடுப்பு என்று இத்தனை நாளாக என்னென்னவோ தேடிக்கொண்டிருந்தாள். புல்! ஒன்பது பேருடைய உயிரை வெயிலில் காய வைத்த புல்லுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல்.

"ஒரு நாள் கூடவா நேரமில்ல?" என்றாள். "ஒரு பொழுது?"

"இருந்துச்சு. ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை. கூட்டத்துக்குன்னு நான் ஞாயித்துக்கிழமைக் கோட்டு மாட்டிட்டு வண்டில ஏறிட்டேன். நீ அப்ப எங்க இருந்த?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று நினைக்க நினைக்க முழுசாக வந்தது. ஆற்றோரப் புல்வெளி. காய்வதற்காகக் கழியில் புல்லை மாட்டிக்கொண்டிருந்தாள். வண்டி பாதையில் போயிற்று. மேற்கே ஒரு கறுப்பு.

"நீதான் கத்தினே" என்றார் பண்ணையார். அவர் குத்திக் காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "'ஐயா, மேக்க கறுக்குது, புல்லப் போட்டுட்டுப் போறீங்களே'ன்னு. நான் எறங்கினேன். கோட்டக் கழட்டிப் போட்டுட்டு உங்ககூட நின்னேன். இல்லன்னு சொல்லு பாப்போம்."

இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்றைக்குப் பண்ணையார் கூலிக்காரர்களோடு சரிக்குச் சரி நின்று புல் தூக்கினதைப் பார்த்து, நல்ல மனுஷன் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். ஃபீனாவும்தான். மழை வருவதற்குள் முடித்துவிட்டோம் என்று அவளுக்கு எத்தனை சந்தோஷம்! பன்னிரண்டு நாள் கழித்து அவன் செத்தான்.

"எந்தக் கூட்டத்துக்குப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "எதுக்குப் போறோம்னு நீங்க சொல்லல."

"நீ கேக்கல."

"உங்களுக்குத் தெரியும்ல? நான் புல்லப் பாத்தேன். நீங்க ரெண்டையும் பாத்துட்டுப் புல்லுன்னு எறங்கினீங்க. என் வாயக் காட்டித் தப்பிச்சுக்காதீங்க."

பண்ணையாருக்கு முகம் சிவந்தது. அவர் உள் பாக்கெட்டிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்தது. மேஜைமேல் வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"உன் தம்பி யால்மரி சான்று. நல்லாவே எழுதியிருக்கு. மூணு மணி ரயிலுக்கு அனுமதிச் சீட்டும் தயார். அந்தக் குறிய வச்சுட்டு இத எடுத்துக்க. அத உறையில போட்டு உங்கிட்டயே தர்றேன், முகாம் ஆபீஸ்ல சேத்துரு. தபால்ல போட்டா எப்பப் போய்ச் சேருமோ."

"வைக்கலன்னா?"

"வைக்கலன்னா… குழு மறுபடி கூடணும். ரை அறுப்பு நடக்குதுல்ல" என்றார் ஹிஸ்கியாஸ்.

ஃபீனா எழுந்துவிட்டாள். கையில் அகப்பட்டதை எடுத்து அவர் மூஞ்சியில் வீசியிருப்பாள். கீழே பார்த்தபோதுதான் அந்தத் தாளின் அடிப்பகுதி கண்ணில் பட்டது. இதுவரைக்கும் பண்ணையாரின் முழங்கை அதை மறைத்திருந்தது. ஐந்து குறிகள். வரிசையாக. முதல் குறி, இரண்டு கோடும் மேலே ஒரு கொக்கியும், தெக்லா வீட்டுக் குறி. அவர்கள் பால் வாளியில் தினமும் பார்க்கிற குறி.

அதனால்தான் கிணற்றடியில் அந்த ஓட்டம். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, உனக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு மகனோ அண்ணனோ குடிசையோ இருந்திருக்கிறது. இவள் கடைசி. இவள் வைக்காவிட்டாலும் ஐந்து பேர் சொன்னது சொன்னதுதான், இவள் ஒருத்தி மட்டும் பொய்க்காரி ஆவாள். யால்மரி உள்ளேயே கிடப்பான்.

பேனாவை எடுத்து முக்கோணம் போட்டாள். உள்ளே கோடு இழுத்தாள். கோடு நேராகவே விழுந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

காப்பியைக் குடிக்காமல் இரண்டு காகிதங்களோடும் வெளியே வந்து, வேலிப் படலைத் தாண்டியதும் யால்மரியின் சான்றைப் பிரித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தது. கீழே தேதியைப் பார்த்தாள். ஆகஸ்ட் ஒன்பது.

பத்தொன்பது நாள். இந்தத் தடவை புல்லும் இல்லை, ரையும் இல்லை. எழுதி, மூன்று பேரும் கையெழுத்திட்டு, இவள் குறிக்காகக் காத்திருந்திருக்கிறது.

பின்னாலேயே உபதேசியார் வந்துகொண்டிருந்தார், தொப்பி கையில். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது போல. ஃபீனா அந்தத் தேதியில் விரலை வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"எழுதின அன்னிக்குத் தேதி" என்றார் அவர். "இன்னிக்குத் தேதியா மாத்தச் சொன்னாங்க. ரெண்டு தடவையும் சொன்னாங்க. நெஸ்டோரியோடதையும் ஜூன்னு மாத்தச் சொன்னாங்க. முப்பது வருசமாப் பதிவேடு எழுதறேன், ஒரு தேதிகூடத் தப்பா எழுதினதில்ல. என்னால முடியாதுன்னுட்டேன்."

"அதனால எங்க குறி தேவைப்பட்டுச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய்த் தேதி போட உங்களுக்கு மனசு வரல. பெட்டியில பூட்டி வைக்க வந்துச்சு. நல்ல மனசு உபதேசியாரே. இத வச்சுக்கிட்டு நீங்க நேரா மோட்சத்துக்கே போயிடுவீங்க."

ஃபீனா ரயிலுக்கு நடந்தாள். கிணற்றடியில் தெக்லா நின்றிருந்தாள், இந்தத் தடவை ஓடவில்லை. அவள் கண்ணெல்லாம் உறையின் மேல்.

"வச்சிட்டியா?" என்றாள் தெக்லா.

"வச்சிட்டேன்."

"என் ஒருத்தியத்தான் கூப்பிட்டாங்கன்னு நெனச்சேன்டி. நீ தெரிஞ்சுக்கிட்டா மூஞ்சில துப்புவேன்னு…"

"அந்த ஜூன் மாசம் நீயும் என்கூடத்தானடி வந்தே, உபதேசியார் வீட்டுக்கு" என்றாள் ஃபீனா. "மாட்டப் பாத்துக்க. ரெண்டு நாள்ல வந்துருவேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு முகாம் ஆபீஸில் நின்றாள். ஆபீஸ் என்றால் பழைய படைக்கொட்டடியில் ஒரு அறை. கையில் ஜெயித்த கட்சியின் வெள்ளைப் பட்டி கட்டிய ஒரு பையன், கல்லூரி மாணவன் போலிருந்தான், கண்ணாடி போட்டவன், உறையைக் கிழித்தான். ஜன்னலுக்கு வெளியே முள்வேலிக்குள் மனிதர்கள் வெயிலில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தரையிலிருந்து எதையோ பொறுக்கி வாயில் போட்டான். ஃபீனா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

யால்மரியின் சான்றில் முத்திரை குத்தி, அவனைக் கூட்டிவர ஆள் அனுப்பிய பிறகு, அந்தப் பையன் இன்னொரு தாளைப் பிரித்தான். படித்ததும் முகம் மலர்ந்தது.

"தலைவரே, ஒண்ணு வந்திருக்கு பாருங்க!" என்று அடுத்த மேஜைக்குக் குரல் கொடுத்தான். "நான் சொல்லல? குழுவும் தாமதம் பண்ணல. வீட்டுப் பொம்பளைங்கதான். ஆறு பேர் குறி வச்சிருக்காங்க. ஜூலை இருபத்தஞ்சாம் தேதிதான் வாயையே தெறந்திருக்காங்க."

"ஏப்ரல்லேருந்து என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்றார் அடுத்த மேஜைக்காரர், தலையைத் தூக்காமல். "சரி, அத மேலே அனுப்பற கட்டுல சேத்துரு."

"இந்தத் தம்பியோட சான்றும் பாருங்க, ஒம்பதாம் தேதி போட்டது. இன்னிக்கு இருபத்தொம்பது. இதையும் இருபது நாள் வீட்டுல வச்சிருந்துட்டுக் கொண்டாந்திருக்கு." பையன் ஃபீனாவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். "ஒரு தடவை பட்டும் புத்தி வரலயாம்மா?"

ஃபீனா பதில் சொல்ல வாயெடுத்தபோது, கதவோரத்தில் யால்மரி நிற்பதைக் கண்டாள். எப்போது கூட்டிவந்தார்கள் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயது. கழுத்து எலும்பு, காது, கண், இவ்வளவுதான் மிச்சம். எல்லாவற்றையும் அவன் கேட்டிருந்தான் என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது.

வெளியே வந்தார்கள். அவள் தோளில் அவன் கை. துணியில் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டியைக் கொஞ்சமாகப் பிட்டுக் கொடுத்தாள், ஒரேயடியாகத் தின்னக் கூடாதென்று. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தான். வாயில் போடவில்லை. முகாம் கதவு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பேசினான்.

"அத்தான் என் பக்கத்துலதான் படுத்திருந்தாரு."

"சொல்லு."

"தெனமும் காலைல பேரு கூப்புடுவாங்க, சான்று வந்தவங்க பேரு. எந்திரிக்க முடியலன்னாக்கூட என்னப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போவாரு. சாவறதுக்கு மொத நாள்கூடப் போனாரு. 'ஃபீனா சும்மா இருக்கற ஆளில்லடா, திருநாள் முடிஞ்ச கையோட போய் நின்னிருப்பா, வழியில எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கு'ன்னாரு. எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டிருந்தாரு."

ஃபீனா நின்றுவிட்டாள். அவனும் நின்றான்.

"நீ ஜூலை கடைசிலதான் போய்க் கேட்டியா அக்கா?"

"இல்லடா."

"அப்ப அந்தத் தாள்ல இருக்கற குறி?"

உன்னை வெளியே எடுக்கத்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். முகாம்காரன் ஊர்க் குழு தலையில் கட்டினான், குழு பெண்கள் தலையில் கட்டியது. அவள் வாயைத் திறந்தால் அந்தப் பழி அடுத்துப் போய் உட்காரப்போவது யார் தலையில் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கீழே மிச்சம் இருந்தவன் இவன் ஒருவன்தான். அத்தான் பேரை விற்று உன்னை வாங்கினேன் என்று, நிற்கக் கூடத் தெம்பில்லாத இவனிடம் எப்படிச் சொல்வது?

"என்னுதுதான்" என்றாள்.

யால்மரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ரயிலடிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. அவனால் தனியாக நடக்க முடியாது, ஆனாலும் நடந்தான். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் அவள் பின்னாலேயே போனாள்.